உயிர் தப்பியவன் எதை உண்பான்?

புயல் அடிக்கிறது. வெள்ளம் வருகிறது. மாட்டுத் தொழுவத்துக்குள் கொள்ளைநோய் நுழைகிறது. உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி: "எத்தனை பேர் செத்தார்கள்?"

கேட்க வேண்டிய கேள்விதான். மனித உயிருக்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது. ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. "பிழைத்தவர்கள் நாளை எதைத் தின்பார்கள்? எந்த வயலில் இறங்கி வேலை செய்வார்கள்?" இந்தக் கேள்வியை சர்க்கார்கள் உரிய நேரத்தில் கேட்பதில்லை. தண்ணீர் வடிந்து, செத்த மாடு நாறி, நனைந்த நெல் முளைவிட்ட பிறகுதான் கேட்கிறார்கள். கேட்டு ஒரு கமிட்டி போடுகிறார்கள். கமிட்டி வந்து பார்க்கிறது, போகிறது. ரிப்போர்ட் எழுதுகிறது. அடுத்த புயலும் வந்துவிடுகிறது!

ஆபத்துக் காலத்தில் ஆளைக் காப்பாற்றப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த ஆளுக்குச் சோறு போடும் பயிரையும், மாட்டையும், கிடங்கையும் காப்பாற்ற யாருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்? இதுதான் நாம் எழுப்பும் பிரச்னை.

பயிற்சி பலன் தரும் என்பதற்குச் சாட்சி

"பயிற்சியால் என்ன ஆகிவிடும்? இயற்கையை யார் தடுக்க முடியும்?" என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். அவர்கள் ஒடிசாவைப் பார்க்கட்டும்.

1999 அக்டோபர் 29ஆம் தேதி அந்த மாநிலத்தை ஒரு பெரும்புயல் தாக்கியது. ஏறத்தாழப் பத்தாயிரம் மக்கள் மாண்டனர். அந்த அடியில் ஒடிசா பாடம் கற்றது. பேரிடருக்கென்று தனி அமைப்பு ஏற்பட்டது. கரையோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன. கிராமந்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். 2019இல் ஃபானி புயலின்போது பன்னிரண்டு லட்சம் பேர். இரண்டு புயல்களிலும் ஒடிசாவில் இறந்தவர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை.

பத்தாயிரம் எங்கே, நூறுக்கும் கீழே எங்கே? புயல் சாதுவாகிவிடவில்லை. மக்கள் தயாராகிவிட்டார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், யார் போய்த் தூக்கி வர வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. பயிற்சி என்பதன் பொருள் இவ்வளவுதான்: யார், எதை, எப்போது, எப்படிச் செய்வது என்பது ஆபத்து வருமுன்பே தெரிந்திருப்பது.

ஆளுக்குச் செய்த இந்த ஏற்பாட்டை மாட்டுக்கும் நெல்லுக்கும் ஏன் செய்யக்கூடாது?

சாப்பாடு அறுந்தால் என்ன நடக்கும்?

"பயிர் போனால் மறு போகம் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் வங்காளத்தின் கதையை மறந்தவர்கள்.

1942 அக்டோபர் 16ஆம் தேதி மிதுனப்பூர்க் கரையில் புயலும் கடல் வெள்ளமும் புகுந்தன. பஞ்ச விசாரணைக் கமிஷனின் கணக்குப்படி 14,500 மக்கள் மாண்டார்கள்; 1,90,000 மாடுகள் செத்தன. அந்த ஆண்டு நெற்பயிரில் நோயும் பரவியது. அதற்கு முன்பே, ஜப்பான்காரன் வந்தால் அவனுக்குக் கிடைக்கக் கூடாதென்று, வெள்ளைக்கார சர்க்கார் கரையோர மாவட்டங்களில் படகுகளைப் பிடுங்கியிருந்தது. படகுதான் அந்த நாட்டின் வண்டி. வண்டி போனது, மாடு போனது, நெல் போனது. மிஞ்சியிருந்த அரிசி பதுக்கல்காரன் கிடங்கில் பதுங்கியது, விலை ஏறியது. யுத்தச் செலவில் பணம் புரண்டது. கூலிக்காரன் கையில் மட்டும் அது புரளவில்லை.

1943இல் பஞ்சம். மாண்டவர்கள் 15 லட்சம் என்றது கமிஷன். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அது குறைவான கணக்கு என்றார்கள். 30 லட்சம் என்று சொல்வோரும் உண்டு.

கூட்டிப் பாருங்கள். புயல் கொன்றது ஆயிரக்கணக்கில். அதன் பின் சோறில்லாமை கொன்றது லட்சக்கணக்கில். மாண்டவர்கள் யார்? மீனவன், படகோட்டி, நிலமில்லாத விவசாயக் கூலி, கிராமத்துக் கைத்தொழிலாளி. உணவு வழி அறுந்தால் முதலில் சாவது அன்றாடங்காய்ச்சிதான். ஆகவே உணவைக் காப்பது ஏதோ விவசாய இலாகாவின் உள்விவகாரம் என்று தொழிலாளி ஒதுங்கிவிட முடியாது. அது அவன் அடுப்பின் விவகாரம்.

பணக்கார நாட்டின் கதை

"அது அடிமைக் காலத்துக் கதை, பஞ்சை நாட்டில் நடந்தது" என்பீர்களா? சரி, பணத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லாத பிரிட்டனுக்கே போவோம்.

2001 பிப்ரவரி 20ஆம் தேதி அங்கே கோமாரி நோய் உறுதி செய்யப்பட்டது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளில் அது தெரிந்தது. நோய் புறப்பட்டதோ இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்தில், ஒரு பன்றிப் பண்ணையில். கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஆட்டுச் சந்தைகள் வழியாக அது நாடெங்கும் போய்விட்டிருந்தது. குறைந்தது 57 இடங்களில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. இப்படியொரு நோய் தலைகாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆடு மாடுகள் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதை நிறுத்துவது. அந்த நாடு தழுவிய தடை வந்தது 23ஆம் தேதி. மூன்று நாள்! நோய்க்கு மூன்று நாள் போதாதா?

பிறகு நடந்தது பெரும் குழப்பம். சர்க்காரிடம் போதிய கால்நடை மருத்துவர்கள் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். கொன்ற ஆடு மாடுகளை எங்கே புதைப்பது, யார் ஏற்றிச் செல்வது என்பது தெரியவில்லை. வயல்களிலே சிதை அடுக்கி எரித்தார்கள். மார்ச் மாதம் பட்டாளத்தைக் கூப்பிட்ட பிறகுதான் வேலை ஒழுங்குக்கு வந்தது. செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி நோய் கண்டுபிடிக்கப்படும் வரையில் 2,000க்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய். கொல்லப்பட்ட கால்நடைகள் அறுபது லட்சத்துக்கும் மேல். பொதுப் பணத்தில் சுமார் 300 கோடி பவுன், தனியார் துறையில் சுமார் 500 கோடி பவுன் நஷ்டம். மே மாதம் நடக்கவிருந்த பொதுத் தேர்தலையே ஜூனுக்குத் தள்ளிவைத்தார்கள்.

இதிலே வேதனை என்னவென்றால், இந்தப் பாடம் பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1967–68இல் அதே நோய் அங்கே பெரிய அளவில் வந்தது. நார்தம்பர்லாந்துப் பிரபுவின் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்தது. பட்டாளத்தின் உதவியைச் சீக்கிரமாகப் பெற வேண்டும், எரிப்பதைவிடப் புதைப்பதே மேல் என்றெல்லாம் அதில் அப்போதே சொல்லப்பட்டிருந்தது. அறிக்கை அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துச் செய்து பழகிய ஆட்கள் களத்தில் இல்லை. முப்பது வருஷத்தில் அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றுப் போய்விட்டது. புதிய தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காகிதத்தில் இருக்கும் திட்டம் நோயைத் தடுக்காது. கைகளில் இருக்கும் பழக்கம்தான் தடுக்கும்.

இதை அமெரிக்கா கவனித்தது. 2004 ஜனவரியில் அங்கே ஜனாதிபதி, விவசாயத்தையும் உணவையும் காப்பதற்கென்றே தனி உத்தரவு பிறப்பித்தார். அலபாமா மாநிலத்தின் அன்னிஸ்டன் நகரில் மத்திய சர்க்கார் நடத்தும் பயிற்சி நிலையத்தில், விவசாயம் சம்பந்தமான ஆபத்துக்களுக்கென்றே தனி வகுப்பு ஏற்பட்டது. கால்நடை மருத்துவர், விவசாய அதிகாரி, தீயணைப்பு வீரர், போலீஸ்காரர் ஆகியோர் சேர்ந்து பழகுகிறார்கள். மாநிலங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் அந்த நிலையத்துக்கு வருவோரின் செலவை மத்திய சர்க்காரே ஏற்கிறது. அமெரிக்கா செய்வதெல்லாம் நமக்கு வேதமல்ல. ஆனால் உணவைக் காப்பதும் நாட்டைக் காப்பதுதான் என்று அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நாம் மறுப்பதற்கில்லை.

நம் ஊரில் நடந்தது என்ன?

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யத்தருகே கஜா புயல் கரையேறியது. கரையோரத்தில் பல்லாயிரம் மக்களை முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின. அதை நாம் மறைக்கவில்லை, பாராட்டுகிறோம்.

ஆனால் விடிந்ததும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பகுதிகளில் மக்கள் கண்டதென்ன? லட்சக்கணக்கான தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஆடுகளும் மாடுகளும் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டன. சாலையில் மரம், கிராமத்துக்குள் அதிகாரியின் ஜீப் நுழைய முடியவில்லை. அந்த முதல் நாட்களில் ஊரில் இருந்தது ஊராரின் கை ஒன்றுதான். அந்தக் கைக்கு என்ன தெரிந்திருந்தால் என்னவெல்லாம் மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டும். கட்டிய மாடு கூரை விழுந்தால் நசுங்கும், நீர் ஏறினால் மூழ்கும். அவிழ்த்த மாடு பெரும்பாலும் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். இதைச் செய்ய எந்த யந்திரமும் வேண்டாம். எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்று முன்பே வகுத்திருந்தால் போதும்.

செத்த மாட்டைக் குளத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி, ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். தள்ளிப் போட்டால் புயல் விட்ட வேலையை நோய் தொடரும். புதைக்குமுன் மருத்துவர் பார்த்துச் சான்று தந்தால்தான் நிவாரணம் என்பார்கள். மருத்துவரோ வர முடியாத நிலை. படம் எடுத்து, அடையாளம் குறித்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் பதிவு செய்யப் பயிற்சி பெற்ற ஒருவர் ஊரில் இருந்து, அந்தப் பதிவை சர்க்காரும் ஏற்றுக்கொண்டால், ஒரு மாட்டை நம்பிப் பிழைக்கும் விதவைத் தாய் நிவாரணத்துக்காக அலைய வேண்டியிராது.

மூழ்கிய சம்பாப் பயிரில் தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறோமோ அவ்வளவு பிழைக்கும். எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்த மதகைத் தூக்க வேண்டும் என்பது வயலில் இறங்கி வேலை செய்பவனுக்குத் தெரியும். கடல் நீர் புகுந்த நிலத்தை நல்ல நீர் பாய்ச்சிக் கழுவி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மீட்கலாம் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் செய்து பார்த்தவர்களே இருக்கிறார்கள்.

சாய்ந்த இளந்தென்னையைக் காலத்தோடு நிமிர்த்தி மண் அணைத்தால் பல மரங்கள் தழைக்கும். விழுந்த மரங்களை அகற்றாமல் மட்கவிட்டால் அவற்றில் காண்டாமிருக வண்டு பெருகும். அது நின்ற மரத்தையும் கெடுக்கும். ஒரு கன்று நட்டு அது காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகிறது. அந்த ஐந்தாறு வருஷமும் தேங்காய் பறிப்பவன், மட்டை உரிப்பவன், கயிறு திரிப்பவள் எல்லாம் எங்கே போவார்கள்?

நிலமுள்ளவருக்குப் பயிர் நிவாரணம் என்று ஏதோ கொஞ்சமாவது வரும். குத்தகைக்காரனுக்கு அதுவே சந்தேகம். கூலிக்காரனுக்கோ இழந்த வேலை நாட்களுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே பயிரைக் காக்கும் பயிற்சியில் அதிக அக்கறை இருக்க வேண்டியவன் கூலித் தொழிலாளிதான்.

கிடங்கும் பாலும்

வயலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அறுத்து வந்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் பதினேழு சதவிகிதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டேன் என்பது விதி. ஒரு மழை வந்தால் விதி தளர்த்தக் கோரி டில்லிக்குக் கடிதம் போகிறது. டில்லியிலிருந்து குழு வருகிறது. அதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் இதே கூத்து! மூட்டையை அடுக்க அடியில் மரக்கட்டை, மேலே கிழியாத தார்ப்பாய், சுற்றி வடிகால், மழைச் செய்தி வந்ததும் ஓடி வர ஒரு சுமைப்பணிக் குழு. இவ்வளவுக்கும் என்ன பிரமாதமான விஞ்ஞானம் வேண்டும்?

நகரத்துத் தொழிலாளி, "இது கிராமத்து விஷயம்" என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் குழந்தைக்குப் பால் கிடைக்காமல் தாய்மார்கள் அலைந்ததை மறந்துவிட்டோமா? கிராமத்தில் மாடு கறந்தது. வண்டியும், மின்சாரமும், சாலையும் ஒரேயடியாக நின்றபோது அந்தப் பால் வீட்டுக்கு வந்து சேரும் வழிதான் அறுந்தது. எந்த லாரி எந்த வழியாகப் போவது, எந்தப் பேட்டைக்கு எங்கே இறக்குவது என்று டிரைவர்களையும் தொழிலாளர்களையும் வைத்து முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதும் உணவைக் காக்கும் பயிற்சிதான்.

நோயும் நம்மை விட்டுவைக்கவில்லை. 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவி மாடுகள் மடிந்தன. 2022இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் தொடங்கித் தோல் கழலை நோய் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கோமாரி கால் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் பால் கேனிலும் பயணம் செய்யும் நோய். ஆகவே அதைத் தடுக்க வேண்டியவன் பால்காரன், மாடு மேய்ப்பவன், சந்தைக்கு ஓட்டிச் செல்பவன். நோயின் முதல் அடையாளத்தைக் காண்பவனும் அவனே. வாயில் நுரை, குளம்பில் புண் என்று கண்டதும் யாரிடம் சொல்வது, சந்தையை எப்படி நிறுத்துவது, சலவைச் சோடாக் கரைசலில் காலைக் கழுவுவது எப்படி என்பதை அவனுக்கல்லவா கற்றுக் கொடுக்க வேண்டும்?

வழி இருக்கிறது

நம் நாட்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006இல் அமைந்தது. "ஆபத்து மித்ரா" என்ற திட்டத்தை 2016இல் தொடங்கி, வெள்ள ஆபத்துள்ள 30 மாவட்டங்களில் 6,000 தொண்டர்களுக்குப் பயிற்சி என்றார்கள். 2021இல் அதை 350 மாவட்டங்களுக்கு, ஒரு லட்சம் தொண்டர்களுக்கு என்று விரித்தார்கள். நல்ல திட்டம். வெள்ளத்தில் மூழ்குபவரைத் தூக்குவதும் முதலுதவி செய்வதும் அதன் முதன்மையான பாடங்கள். அந்தப் பாடத்தோடு மாடும், விதையும், மதகும், மூட்டையும் சேர வேண்டும் என்பதே நம் வாதம். புதிதாக ஒரு இலாகா வேண்டாம்; புதிய நாற்காலிகளும் வேண்டாம். இருக்கிற திட்டத்தில் இன்னொரு அத்தியாயம் சேருங்கள் என்கிறோம்.

எப்படிச் சேர்ப்பது? நான்கு விஷயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: ஆபத்துள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் விவசாயத் தொழிலாளர், குத்தகை விவசாயி, கால்நடை வளர்க்கும் பெண்கள், சுமைப்பணித் தொழிலாளர் ஆகியோரிலிருந்து ஒரு குழு வேண்டும். கால்நடை மருத்துவரும் விவசாய அதிகாரியும் அவர்களுக்கு ஆசிரியர்களாக வரட்டும். கொஞ்சம் மாணவர்களாகவும் இருக்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊர்க்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு: பயிற்சி நாளுக்குக் கூலி தர வேண்டும். ஒருநாள் வேலை போனால் ஒருநாள் பட்டினி கிடப்பவனை, "தேச சேவை" என்று சொல்லிச் சும்மா கூப்பிடுவது நியாயமல்ல.

மூன்று: கையுறை, பூட்ஸ், முகமூடி, கயிறு, தார்ப்பாய், மரம் அறுக்கும் யந்திரம் ஆகியவை ஊரிலேயே இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் பூட்டி வைத்த சாமானால் சாலை அடைபட்ட கிராமத்துக்குப் பயனில்லை. செத்த மாட்டை அகற்றும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டும் வழக்கமும் இத்தோடு ஒழிய வேண்டும். உரிய உடையும் உரிய கூலியும் கொடுங்கள். ஊரில் உள்ள எல்லோரும் செய்யட்டும்.

நான்கு: ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒத்திகை நடக்க வேண்டும். பிரிட்டனுக்கு வந்த கதி நமக்கு வராமலிருக்க அது ஒன்றே வழி. படித்த பாடத்தைப் பழகாவிட்டால் அது மறந்து போகும்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கஜானாக்காரர்கள் கேட்பார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அழிந்த பிறகு நிவாரணம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது? முளைத்த நெல்லைக் கொட்டுவதற்கும், செத்த மாட்டுக்குக் காசு கொடுப்பதற்கும், மத்தியக் குழு வந்து போவதற்கும் கஜானா திறக்கிறதே! அந்தப் பணத்தில் ஒரு பங்கை முன்னாலே செலவிடச் சொல்கிறோம்.

தோழர்களே! சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கிராம சபையில் கேளுங்கள்: மதகுகளின் பட்டியல் எங்கே? மேட்டு நிலம் எது? எந்தத் தெருவில் எத்தனை மாடு? கொள்முதல் நிலையத்தில் எத்தனை தார்ப்பாய், அதில் எத்தனை கிழிந்தது? பதிலைத் தீர்மானத்தில் பதியச் செய்யுங்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். லாரி ஓட்டுபவரும், மூட்டை தூக்குபவரும், மின்கம்பத்தில் ஏறுபவரும் ஆபத்து நாளில் யார் எங்கே நிற்பது என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

அடுத்த ஐப்பசியும் வரும், கார்த்திகையும் வரும். வங்கக் கடல் நம்மைக் கேட்டுக்கொண்டு கொந்தளிக்கப் போவதில்லை. அன்று முகாமுக்குப் போகும் விவசாயி தன் மாடு மேட்டில் நிற்கிறது, விதைநெல் நனையாத இடத்தில் இருக்கிறது என்ற தைரியத்தோடு போக வேண்டும். அந்தத் தைரியத்தை நிவாரணப் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்க முடியாது. இப்போதே, வெயில் அடிக்கும்போதே, சொல்லிக் கொடுத்துப் பழக்கித்தான் தர வேண்டும்.